இர்குன் நஸா: ஒரு நோயும் அதன் வரலாறும்

இடுப்பில் தொடங்கித் தொடையின் பின்புறமாக இறங்கிக் கணுக்கால்வரை இழுக்கும் வலியை இன்று சயாட்டிகா என்கிறோம். அரபி மருத்துவ நூல்கள் அதனை 'இர்குன் நஸா' என்றன. அச்சொல்லை 'நிஸா' என வாசித்து, இது பெண்களுக்குரிய நோய் என்று கருதுவோர் உளர். அது பிழை. 'நஸா' என்பது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நாளத்தின் பெயர்; 'இர்க்' என்றால் நாளம் அல்லது வேர். இந்நோய் ஆண், பெண் இருபாலரையும் வருத்துவது.

இப்னுல் கய்யிம் (மறைவு 1350) தமது 'ஸாதுல் மஆத்' நூலில் இந்நோயின் போக்கைத் தெளிவாக விவரிக்கிறார்: வலி நாட்பட நாட்பட மேலும் கீழிறங்கும்; தொடையும் காலும் மெலியும். வலியோடு தசையும் நலிகிறது என்பதை முன்னோர் கண்டிருந்தனர். ஆனால் நோயின் இருப்பிடம் நாளமன்று, நரம்பு என்பது தெளிவாகப் பல நூற்றாண்டுகள் சென்றன. நேப்பிள்ஸ் நகர மருத்துவர் டொமெனிக்கோ கொத்துன்யோ 1764-இல் வெளியிட்ட நூலில், இடுப்பு மூட்டு வலி வேறு, நரம்பு வலி வேறு எனப் பிரித்துக் காட்டினார்.

அடுத்து எழுந்தது ஒரு வழக்கு. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்தினால் வலி பாய்வது ஏன்? பாரிஸ் மருத்துவர் லசேக்கின் மாணவர் ஃபோர்ஸ்ட், தசை நரம்பை நசுக்குவதே காரணம் என்று 1881-இல் எழுதினார். செர்பிய மருத்துவர் லாசரேவிச்சோ, நரம்பு இழுபடுவதே காரணம் என்றார். அவர் கூற்றே நிலைத்தது. ஆயினும் 'இழுத்தால் குணமாகும்' என்றெண்ணி, அக்காலத்து அறுவை மருத்துவர் சிலர் தொடையைக் கீறி நரம்பையே வெளியே எடுத்து இழுத்தனர்! முள்ளெலும்புகளுக்கிடையேயுள்ள வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவது இந்நோய்க்கு முக்கியக் காரணம் என்பதை 1934-இல் அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் நிறுவினர்.

ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர்களே கத்தியின்றி நரம்பை அசைக்கும் பயிற்சிகளைப் பெரிதும் வளர்த்தனர். டேவிட் பட்லரின் நூல் 1991-இல் வெளிவந்தது. இதன் தத்துவம் எளிது. நாம் குனியும்போதும் நடக்கும்போதும் நரம்பு தன் பாதையில் சற்றே வழுகி நகர்கிறது. நோயுற்ற நரம்பு இழுபடுவதைத் தாங்காது. உடனே தொடையின் பின்தசை இறுகி அதற்குக் காவல் நிற்கிறது. காலை உயர்த்தும்போது வலி எழும் தறுவாயில் தசை இவ்வாறு இறுகுவதைத் தசை மின்பதிவுக் கருவி காட்டுகிறது. ஆகவே 'தசை பிடித்திருக்கிறது' என்று வலிந்து இழுப்பது, காவலனை அடித்து வீட்டைக் காக்க முயல்வதாகும்.

நாற்காலியில் அமர்ந்து, முழங்காலை மெல்ல நீட்டும்போது தலையை நிமிர்த்தி, மடக்கும்போது தலையைக் குனிவது இப்பயிற்சிகளுள் ஒன்று. ஒரு முனையில் இழுவை கூடும்போது மறுமுனையில் தளர்கிறது. நரம்பு முறுக்கேறாமல் நகர்கிறது. நரம்பின் கூச்சம் தணிந்தால் தசையின் காவலும் தளரும் என்பதே எதிர்பார்ப்பு. வலி குறைந்ததாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் அவை பெரும்பாலும் சிறியவை. இழந்த வலிமையை மீட்கத் தசைப் பயிற்சியும் நடையும் வேண்டும்.

நம் இல்லங்களில் இந்நோயாளியை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்துவது அன்பின் அடையாளமாகக் கருதப்படுகிறது. 183 நோயாளிகளைக் கொண்டு நெதர்லாந்தில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வு, இரு வாரப் படுக்கை ஓய்வால் தனிப்பயன் இல்லை என்று காட்டியது. சிறுநீர் அடைபட்டாலோ, அமரும் இடம் மரத்தாலோ, பாதம் வலுவிழந்து தொங்கினாலோ உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். மற்றபடி, மருத்துவர் சொற்படி மெல்ல எழுந்து நடக்கத் தோள் கொடுப்பதே நோயாளிக்கு நாம் செய்யும் மெய்யான பணிவிடை.