மானிப்பாயில் மலர்ந்த தமிழ் மருத்துவம்

ஒரு சமயத்தார் வேற்று நாட்டிற்குச் சென்று குடியேறும்போது, அங்கு வாழும் அயலாரோடு அவர்கள் கொள்ளும் உறவு இருவகைப்படும். தம்மிடம் உள்ளதைக் கொண்டு அயலாரைத் தம்பால் இழுப்பது ஒன்று. தம்மிடம் உள்ளதை அயலார் தமக்கே உரியதாக ஆக்கிக்கொள்ளும் வண்ணம் கையளிப்பது மற்றொன்று. யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் பணிபுரிந்த அமெரிக்கக் கிறிஸ்தவத் தொண்டர்களின் வரலாற்றில் இவ்விரு வகையும் அருகருகே காணக்கிடக்கின்றன. அவற்றுள் இரண்டாவது வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் தொண்டாகும்.

வந்தவர்களும் இருந்தவர்களும்

1816ஆம் ஆண்டில் டானியேல் பூவர், எட்வர்ட் வாரன், பெஞ்சமின் மேய்க்ஸ், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் என்னும் நால்வர் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கட்டி, பின்னர் பாழடைந்து கிடந்த கோயிற் கட்டடங்களைப் பழுதுபார்த்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் முதலில் தங்கினர். பின்னர் உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் முதலிய ஊர்களுக்கும் அவர்கள் பணி பரவியது.

அவர்களை ஆங்கில அரசு முழு மனத்தோடு வரவேற்கவில்லை. 1820இல் அச்சுத் தொழில் அறிந்த ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்தபோது, அவர் தீவை விட்டு நீங்க வேண்டுமென ஆணை பிறந்தது. புதிய அமெரிக்கத் தொண்டர் வருவதற்கு இருந்த தடை 1833ஆம் ஆண்டளவிலேதான் நீங்கியது. இத்தடையால் ஒரு நன்மையும் விளைந்தது. நாடெங்கும் விரிந்து செல்ல இயலாதவர்கள் யாழ்ப்பாணக் குடாநாடாகிய சிறு நிலப்பரப்பிலேயே ஆழ வேரூன்றினர். பனந்தோப்புகளுக்கும் தோட்டக் காணிகளுக்கும் இடையே, நாள்தோறும் ஒரே முகங்களைக் கண்டு வாழும் அயலவராக ஆயினர்.

அவர்கள் முதலில் கையிலெடுத்த கருவி கல்வி. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியும் தோன்றின. செமினரியில் ஆங்கிலம், தமிழ், கணிதம், வானநூல் முதலியன கற்பிக்கப்பட்டன. 1829இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்புக்கும் பூவர் அவர்களின் கணிப்புக்கும் வேறுபாடு எழுந்தது. மக்கள் இரவில் கூடி நின்று வானத்தை நோக்கினர். பூவரின் கணிப்பே பொருந்தியது. கல்வியின் வெற்றி என இதனைப் போற்றுவர். ஆயினும் இவ்வெற்றியில் ஒருவர் வெல்லவும் மற்றொருவர் தோற்கவும் வேண்டியிருந்தது. அயலாரின் அறிவைப் பொய்ப்பித்துத் தம் அறிவை நிலைநாட்டும் முறை அது. நோய் தீர்க்கும் கலையோ வேறொரு வழியைத் திறந்தது.

வைத்தியத் தொண்டு

முதலில் வந்த நால்வருள் வாரன் மருத்துவம் அறிந்தவர். அவர் 1818இல் நோயால் இறந்தார். அவருக்குப்பின் வந்த டாக்டர் ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் பணியாற்றி, 1836இல் சென்னைக்குச் சென்றார். வேலூரில் புகழ்பெற்ற மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் இவருடைய பேர்த்தியாவார்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தவர். 1845இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். நியூயார்க் மாநகரின் நடுவே உள்ள பெரும் பூங்காவை அமைப்பதில் முன்னின்று உழைத்த ஆண்ட்ரூ கிறீன் இவருடைய தமையனார். அத்தகைய குடும்பத்தில் தோன்றியவர், 1847இல் தம் 25ஆம் வயதில் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டிலேயே மானிப்பாயில் மருந்தகத்தை அமைத்து, சில இளைஞர்களைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கவும் தொடங்கினார்.

யாழ்ப்பாணம் அன்று வைத்தியம் அறியாத நாடாக இருக்கவில்லை. ஊர்தோறும் பரியாரிமார் இருந்தனர். யாழ்ப்பாண அரசர் காலத்தெழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் ஏட்டுச் சுவடிகளாக அவர்களிடம் வழங்கின. நாடி பார்த்தல், மூலிகை மருந்து, பத்தியம் என்பன மக்கள் வாழ்வோடு இணைந்திருந்தன. குறைபாடு, அறுவை வைத்தியத்திலும் இடர்மிகு மகப்பேற்றிலுமே பெரிதும் இருந்தது. கிறீன் தம் கலையால் அயலாருக்கு முதலில் உதவியதும் இத்துறைகளிலேயாம். நோயாளி வீட்டுத் திண்ணையில் வேறெந்த வாதத்திற்கும் இடமில்லை. வலி தீர்ந்தது, அதனால் உறவு வளர்ந்தது.

தமிழிற் கற்பித்தல்

ஒரு மருத்துவர் ஆயிரம் பேருக்கு மருந்து கொடுக்கலாம். ஆயினும் அவர் போனபின் அம்மக்கள் பழைய நிலைக்கே திரும்புவர். ஊர்தோறும் அவ்வூர் மக்களுள் ஒருவரே மருத்துவராக அமைய வேண்டும். அதற்கு மருத்துவக் கல்வி அவ்வூர் மொழியில் இருக்க வேண்டும். இதுவே கிறீன் கண்ட முடிவு.

இம்முடிவுக்கு அக்காலச் சூழ்நிலையும் துணைநின்றது. ஆங்கிலக் கல்வி பெற்ற செமினரி மாணாக்கர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டுச் சென்றனர். தாய்ச் சங்கத்திலிருந்து வந்த தூதுக் குழுவின் ஆய்வுக்குப் பின்னர், 1855இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் கற்றவர் அயலாரை விட்டு அகல்கின்றனர் என்பதை அனைவரும் கண்டனர். கல்லூரியை மூடுவது ஒரு தீர்வு. கலையைத் தாய்மொழியில் தருவது மற்றொரு தீர்வு. கிறீன் இரண்டாவதனை மேற்கொண்டார்.

1857இல் உடல்நலங் குன்றித் தாயகம் சென்ற அவர், 1862இல் மணமுடித்து மனைவியோடு மீண்டார். அதன்பின் மருத்துவ வகுப்புகளைத் தமிழிலேயே நடத்தலானார். அவரிடம் பயின்று வெளிவந்த மருத்துவர் 60க்கு மேற்பட்டவர். அவருள் 33 பேர் முற்றும் தமிழிலே கற்றவர்கள்.

பாடநூல் இன்றிப் பாடம் இல்லை. ஆதலின் கிறீனும் அவருடைய மாணாக்கரும் மொழிபெயர்ப்பில் இறங்கினர். கற்றரின் உடல்நூல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்னும் பெயரில் வெளிவந்தது. மோன்செல் எழுதிய மகப்பேற்று நூல் 1857இல் 'பிரசவ வைத்தியம்' ஆயிற்று. துரூயிற்றின் அறுவை நூல் 1867இல் 'இரண வைத்தியம்' ஆயிற்று. 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' என்னும் இருபெரு நூல்களும், 1875இல் 'கெமிஸ்தம்' என்னும் வேதிநூலும் வெளிவந்தன. மனுஷ அங்காதிபாதம் என்பது கிரே என்பாரின் உடற்கூற்று நூலின் தமிழாக்கம். அந்நூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858இல். பதினான்கு ஆண்டுகளுக்குள் அது தமிழில் வந்துவிட்டதென்பது எண்ணி மகிழத்தக்க செய்தியாகும்.

சொல்லாக்க நெறி

இந்நூல்களுக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான சொற்கள் எங்கிருந்து வந்தன? கிறீன் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுதல். இல்லையேல் வடமொழியிலிருந்து கொள்ளுதல். அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு ஏற்ப எழுதுதல்.

நூற்பெயர்களிலேயே இந்நெறி விளங்கும். அங்காதிபாதம் என்பது உடற்கூற்றைக் குறிக்க நாட்டு வைத்தியர் வழங்கிய சொல். அதனை அவர் தள்ளவில்லை, எடுத்தாண்டார். கெமிஸ்தம் என்பதோ ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஈறு கொடுத்தது. இன்று வேதியியல் என்று கற்பிக்கும் ஆசிரியருக்கு அச்சொல் நகைப்பை விளைக்கலாம். ஆயினும், சொல் இல்லை என்று கலையை நிறுத்திவைக்காமல், கிடைத்த சொல்லைக்கொண்டு கலையை நடத்திய துணிவு நகைப்புக்குரியதன்று. வடமொழிச் சொற்கள் மிகுந்தமை அக்கால உரைநடையின் இயல்பு.

இப்பணிக்கு அடித்தளம் முன்னரே இடப்பட்டிருந்தது. 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதி, ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்டது. உடுவில் சந்திரசேகர பண்டிதர் அதன் தொகுப்பில் பெரும்பங்கு கொண்டார். 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' என்னும் இதழ், புதிய செய்திகளைத் தமிழில் எழுதும் உரைநடையைப் பழக்கியிருந்தது. உள்ளூர்ப் பண்டிதரும் வெளியூர்ப் பாதிரிமாரும் ஒரே மேசையில் அமர்ந்து உழைத்த உழைப்பின் பயனே மருத்துவத் தமிழ் எனல் மிகையாகாது.

உடையும் உறவும்

செமினரியில் சேர்ந்த மாணாக்கர் பலருக்கு, அவர்கள் படிப்புக்குப் பொருளுதவி செய்த அமெரிக்கரின் பெயரே இடப்பட்டது. உதயதாரகையின் முதல் ஆசிரியர்களாகிய ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் இருவரும் தமிழர்களே. பெயர் மாறியது; பெயரைத் தொடர்ந்து நடையும் உடையும் மாறலாயின.

கிறீன் இதனை விரும்பவில்லை. தம் மாணாக்கர் காற்சட்டையும் சப்பாத்தும் அணிந்து அயலாருக்கு அன்னியராவதைக் கண்டித்தார். கிறிஸ்தவனாகும் தமிழன் தமிழனாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. வேட்டி உடுத்து, தமிழ் பேசி, ஊரவருள் ஒருவராக வாழும் மருத்துவரிடமே ஊரவர் தயங்காது வருவர் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

அயலாரின் மறுமொழி

இத்தொண்டர்களின் நோக்கத்துள் மதமாற்றமும் ஒன்று என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு ஏலாது. அவர்களும் அதனை மறைத்தாரல்லர். கிறீனும் தம்மை நற்செய்தி கூறும் மருத்துவராகவே கருதினார். சைவ மக்கள் மருந்தை ஏற்றனர், கல்வியை ஏற்றனர், ஆயினும் பெரும்பாலோர் தம் சமயத்தை விட்டாரில்லை. கிறீன் மானிப்பாயில் வைத்திய வகுப்பைத் தொடங்கிய அதே 1848ஆம் ஆண்டில், ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். விவிலிய மொழிபெயர்ப்பில் மெதடிஸ்த பாதிரியார் பேர்சிவலுக்குத் துணைநின்ற நாவலரே, பள்ளி, அச்சகம், உரைநடை, சொற்பொழிவு ஆகிய கருவிகளைச் சைவத்தின் காப்புக்குப் பயன்படுத்தினார். செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த அவர் சைவத்திற்கு மீண்டார். பின்னர்க் கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார்.

கொடுத்தவர் எண்ணியது ஒன்று. கொண்டவர் செய்தது வேறொன்று. எனினும் இதனைத் தொண்டின் தோல்வி எனக் கொள்ளலாகாது. பெற்ற கல்வியைத் தம் மனச்சான்றுக்கு ஏற்பப் பயன்படுத்தும் உரிமை அயலாருக்கு உண்டு. அவ்வுரிமை நின்றதனாலேயே உறவும் நின்றது.

தளர்ச்சியும் எஞ்சியதும்

1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூற்பணியை விட்டாரில்லை. 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. 1884இல் அவர் மறைந்தார். தமிழருக்கு மருத்துவத் தொண்டராக இருந்தவர் என்பதே அவர் கல்லறையில் பொறிக்கப்பட்ட சிறப்பு.

அவர் போனபின் தமிழ் மருத்துவக் கல்வி நெடுநாள் நிலைக்கவில்லை. கொழும்பு மருத்துவப் பள்ளி 1870இல் தொடங்கி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. அரசாங்க மருத்துவப் பதவிக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்ததும் மக்களின் ஆங்கில வேட்கையாலேயாம். பெற்றோர் விரும்பியதும் அதுவே, அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. அவ்வாங்கிலக் கல்வியே பின்னர் யாழ்ப்பாணத்தார் பலரை மலாயாவிற்குக் கொணர்ந்து, இரயில்வேயிலும் மருத்துவமனைகளிலும் தோட்ட அலுவலகங்களிலும் கிராணிமாராகவும் டிரெசர்மாராகவும் அமர்த்தியது. நூல்கள் இருந்தன, ஆசிரியர் இருந்தனர், கற்றவருக்குப் பதவி தரும் அரசு மட்டும் இல்லை. அதனால் ஒரு மொழியின் மருத்துவக் கல்வி மறைந்தது. மொழிவழிக் கல்வியைப் பற்றிச் சிந்திக்கும் ஆசிரியர்கள் இவ்வுண்மையை நினைவிற் கொள்ளுதல் நன்று.

ஆயினும் எல்லாம் மறைந்துவிடவில்லை. 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியொட் மருத்துவமனை தோன்றியது. மானிப்பாய் மருத்துவமனை கிறீன் அவர்களின் பெயரையே தாங்கியது. அமெரிக்கத் தொண்டர் வளர்த்த திருச்சபை 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமாயிற்று. அதன் முதற் பேராயர் சபாபதி குலேந்திரன், தமிழ் விவிலியத்தின் வரலாற்றை எழுதிய தமிழறிஞர். வந்தவர் கையிலிருந்த பொறுப்பு இருந்தவர் கைக்கு மாறியது.

ஒருவனுக்கு நோய் தீர்த்தல் நன்று. அவன் தன் அயலானின் நோயைத் தானே தீர்க்கும்படி அவன் மொழியிலேயே கலையைக் கற்பித்தல் அதனினும் நன்று. முன்னையது உதவி, பின்னையது உறவு. மானிப்பாயில் தமிழ் வேட்டியுடன் மருந்துப் பெட்டி சுமந்து ஊரூராகச் சென்ற அம்மாணாக்க மருத்துவர்கள் இவ்வுறவின் சான்றாக வரலாற்றில் நிலைபெறுகின்றனர்.