தங்க வயலில் உருண்ட பந்து



'ஃபுட்பால்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் 'கால்பந்து' என்று மொழிபெயர்க்கிறோம். ஆனால் அச்சொல் எல்லா ஊர்களிலும் ஒரே ஆட்டத்தைக் குறிப்பதன்று. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் மக்கள் அதனைக் கேட்டதும், 1859இல் தம் நகரில் விதி வகுக்கப்பெற்ற ஆட்டத்தையே நினைப்பர். சிட்னியில் பலர் ரக்பி லீக் ஆட்டத்தை நினைப்பர். இங்கிலாந்திலோ, 1863இல் சங்கம் அமைத்தவர்கள் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாகாது என்று முடிவு செய்தனர். அதனை ஏற்காதார் முட்டை வடிவப் பந்துடன் ரக்பி ஆடி, 1871இல் தனிச் சங்கம் கண்டனர்.

தமிழில் மட்டும் இக்குழப்பம் இல்லை. கால்பந்து என்றால் உருண்டைப் பந்துதான். இத்தெளிவு எங்ஙனம் வாய்த்தது? கோலார் தங்க வயலில் நின்று சிந்திப்போம்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குச் சுரங்க வேலையைத் தொடங்கினர். இங்கிலாந்தின் கார்ன்வால் மாவட்டத்திலிருந்து அனுபவமிக்க சுரங்கக்காரர்கள் வந்தனர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் மக்கள் வந்து, லைன் வீடுகளில் குடியேறி, பூமியின் ஆழத்தில் உழைத்தனர்.

கார்ன்வாலின் உயிர் ஆட்டம் ரக்பி. 1908இல் இங்கிலாந்தின் மாவட்டப் போட்டியில் வென்று, அவ்வாண்டே ஒலிம்பிக்கில் பிரிட்டன் சார்பாக ரக்பி ஆடியதும் கார்ன்வால் அணியே. ஆயினும் தங்க வயலில் மக்கள் ஆட்டமாக வேரூன்றியது ரக்பியன்று, ஹாக்கியும் கால்பந்துமே.

மண் ஒரு காரணம். ரக்பியில் ஒருவரையொருவர் பிடித்துக் கீழே வீழ்த்துவர். அதற்கு மெத்தென்ற புல்தரை வேண்டும். கல்லும் செம்மண்ணுமான தரையில் அது இயலுமா? உருண்டைப் பந்துக்கோ வெறுங்காலும் ஒரு வெளியிடமும் போதும்.

மண் மட்டுமே காரணமென்றும் சொல்வதற்கில்லை. பசும்புல் நிறைந்த கல்கத்தாவில் வெள்ளையர் 1872இல் ரக்பி ஆடினர், கழகமும் அமைத்தனர். பட்டாளம் இடம் மாறியது, போலோவும் டென்னிஸும் ஆட்களை ஈர்த்தன, கழகம் தளர்ந்தது. 1878இல் அதனைக் கலைத்தபோது, மீந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினர். அந்தக் 'கல்கத்தாக் கோப்பை'க்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் பொருதுகின்றன. ஊர் மக்களைச் சேர்க்காத ஆட்டம், ஆடியவர்களோடு கப்பலேறிவிட்டது.

அதே கல்கத்தாவில் 1911இல், பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்ஷயர் படையணியை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. மைதானத்தில் திரண்ட கூட்டம் எந்த ஆட்டம் தன்னுடையது என்பதை அன்று அறிந்தது.

தங்க வயல் அடங்கிய மைசூர் இராச்சியத்திலும் இதே கதைதான். 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக, இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்டவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். 1-2 எனத் தோற்ற அந்த ஆட்டத்தில் நம்மவர் பலர் காலணியின்றியே ஆடினர்.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை தேடிப் பலர் வேற்றூர் சென்றனர். பலர் நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறினர். வெட்டியெடுத்த தங்கம் வெட்டியவர் கையில் தங்கவில்லை. பந்தோ, ஆடியவர்க்கே உரியதாயிற்று.

பிழைப்புக்காகப் பிற மாநிலங்களில் வாழும் நேயர்களே! ஓர் ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் யார் என்பது வரலாற்றின் முதல் வரி மட்டுமே. எவருடைய அனுமதியும் கேளாமல் ஏழைப் பிள்ளைகள் எதை ஆட முடிந்ததோ, அதுவே அவ்வூரின் ஆட்டமாயிற்று. நம் மொழியில் 'கால்பந்து' என்ற சொல்லுக்குப் பொருள் கற்பித்தவர்களும் அப்பிள்ளைகளே.