பெரிய திரைத் தொலைக்காட்சி: குறைந்த விலையில் தேர்வு

இந்தியச் சந்தையில் இன்று பெரிய திரை டிவி என்றால் பெரும்பாலும் 50 இன்ச்சும் அதற்கு மேலும் உள்ள தட்டைத் திரை டிவிதான். 2006-இல் தமிழ்நாடு அரசு வழங்கத் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சியின் திரை 14 இன்ச். அதே மாநிலத்தில் நடுத்தரக் குடும்பங்கள் இப்போது மாதத் தவணையில் 55 இன்ச் வாங்குகின்றன. விலை இவ்வளவு இறங்கியது எப்படி என்று தெரிந்துகொண்டால், கையிலிருக்கும் பணத்தை எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதும் தெரியும்.

கண்ணாடியும் விலையும்

டிவியின் விலையில் பெரும்பங்கு படம் தெரியும் திரைப் பகுதியான பேனலுக்கு. பேனல்கள் தனித்தனியாக உருவாவதில்லை. ஒரு பெரிய கண்ணாடித் தகட்டின் மேல் மொத்தமாக உருவாகி, பிறகு வெட்டப்படுகின்றன. துணியில் சட்டைக்கு அளவு போடும் தையற்காரர் போல, துண்டு வீணாகாமல் வெட்டுவதில்தான் ஆலையின் லாபம் இருக்கிறது. ஆலையின் தலைமுறை எண் தகட்டின் அளவைக் காட்டும்: 8.5 தலைமுறை ஆலைகளின் தகடு 2200 மி.மீ.க்கு 2500 மி.மீ. அதில் 55 இன்ச் பேனல் ஆறு கச்சிதமாக அமையும். 65 இன்ச் மூன்றுதான் அமையும், மிச்சம் வீண். 65 இன்ச் நெடுங்காலம் எட்டாத விலையில் இருந்ததற்கு இது முக்கியக் காரணம். சீனாவின் ஹெஃபெய் நகரில் பிஓஇ நிறுவனம் 2017-இன் இறுதியில் 10.5 தலைமுறை ஆலையில் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே தகடு 2940-க்கு 3370 மி.மீ.; 65 இன்ச் எட்டு, 75 இன்ச் ஆறு கிடைக்கும். அதன்பின் அந்த அளவுகளும் இறங்கத் தொடங்கின. ஆனாலும் பட்ஜெட்டுக்குள் நிற்க வேண்டியவர்களுக்கு 55 இன்ச்தான் இன்றும் பாதுகாப்பான அளவு. பல நிறுவனங்கள் போட்டியிடும் அளவு அது.

வரியும் உதவியிருக்கிறது. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. வரிக்கு முன் 30,000 ரூபாய் விலையுள்ள டிவி முன்பு 38,400 ரூபாய், இப்போது 35,400.

எவ்வளவு தூரத்தில் உட்காருகிறோம்

இன்ச் கணக்கு திரையின் மூலைவிட்டத்தைக் குறிக்கும். 55 இன்ச் திரை சுமார் 122 செ.மீ. அகலம், 65 இன்ச் 144 செ.மீ. மூலைவிட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி உட்கார்ந்தால் படம் கண்ணை நிறைக்கும் என்பது பொதுவான கணக்கு. 55 இன்ச்சுக்கு அது ஏழடி, 65 இன்ச்சுக்கு எட்டடிக்குச் சற்று மேல்.

இந்தக் கணக்கு தெளிவான படத்துக்கே பொருந்தும். 4கே திரையில் 2160 வரிகள் உண்டு. கேபிளிலும் டிடிஎச்சிலும் வரும் சாதாரண எஸ்டி சேனலில் 576 வரிகள்தான். மிச்சத்தை டிவியே ஊகித்து நிரப்புகிறது. சீரியலும் செய்தியும் எஸ்டி இணைப்பில் மட்டும் பார்க்கும் வீட்டில் 65 இன்ச் வைத்தால் முகங்கள் மெழுகியதுபோல் தெரியும். அங்கே பெரிய திரைக்கு முன் எச்டி சேனல்களுக்குப் பணம் கட்டுவதே மேல்.

பேனலும் ஒளியும்

பட்ஜெட் டிவிகள் பெயர் எதுவானாலும் பின்னால் எல்இடி விளக்கு எரியும் எல்சிடி திரைகளே. கியூஎல்இடி என்பதும் அதுதான். நடுவே குவாண்டம் புள்ளிகள் பதித்த ஒரு படலம் கூடுதலாக இருக்கும். அந்தப் புள்ளிகளைக் கண்டுபிடித்து உருவாக்கியதற்காகவே 2023-இன் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவை நிறத்தைச் செழுமையாக்கும், கருமையை ஆழமாக்காது. திரையின் ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி வேறு வகை, வேறு விலை.

எல்சிடியில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு பெரிய வகைகள். விஏ பேனலின் கருமை ஆழமானது. வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான விகிதம் 3000-க்கு 1 என்ற அளவைத் தாண்டும். ஐபிஎஸ்ஸில் அது ஏறக்குறைய 1000-க்கு 1. ஆனால் பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் வெளுக்காது. ஹாலில் சோபாவிலும் தரையிலும் ஓரத்து நாற்காலியிலுமாகப் பரவி உட்காரும் குடும்பத்துக்கு ஐபிஎஸ் நல்லது. இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவருக்கு விஏ.

பெட்டியின் மேல் எச்டிஆர், டால்பி விஷன் என்ற முத்திரைகள் இருந்தால் அந்த வகைப் படத்தை டிவி ஏற்றுக்கொள்ளும் என்றுதான் பொருள். அத்தகைய படங்கள் 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) ஒளியையும் அதற்கு மேலும் மனத்தில் வைத்துத் தயாராகின்றன. மலிவு டிவிகள் பெரும்பாலும் 300 நிட்ஸை ஒட்டியே நிற்கின்றன. இரண்டாயிரம், மூவாயிரம் கூடக் கொடுப்பதானால் முத்திரைக்குக் கொடுக்காமல் ஒளிக்கும், பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் லோக்கல் டிம்மிங் வசதிக்கும் கொடுக்க வேண்டும்.

வாங்கும்போது

கடையில் டிவி எப்போதும் கண்ணைப் பறிக்கும் ஷோரூம் மோடில் ஓடும். அதைச் சினிமா மோடுக்கு மாற்றச் சொல்லி ஓர் இரவுக் காட்சியைப் பார்த்தால் கருமை சாம்பலாகிறதா, மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து ஒரு கிரிக்கெட் ஆட்டம்: பந்தைத் துரத்திக் கேமரா நகரும்போது பச்சைப் புல்வெளியில் அசையாத அழுக்குப் பட்டைகள் தெரிந்தால் பின்விளக்கின் ஒளி சீராகப் பரவவில்லை என்று பொருள். கிரிக்கெட் பார்க்கும் வீட்டில் தினமும் உறுத்தும் குறை இது.

மெல்லிய டிவியில் நல்ல ஒலிப்பெருக்கிக்கு இடமில்லை. பிற்பாடு சவுண்ட்பார் சேர்க்க, டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் ஆர்க் வசதியுள்ள எச்டிஎம்ஐ துளை அவசியம். மென்பொருள் மெதுவாகிப்போனால் சிறிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை மாட்டிச் சமாளிக்கலாம். பேனலுக்கு அப்படி மாற்றுவழி இல்லை.

பேனல் போனால் மாற்றும் செலவு டிவி விலையில் பாதியைத் தாண்டிவிடக்கூடும். ஆகவே உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, பேனலுக்கு எத்தனை ஆண்டு வாரண்டி என்பதை விலைக்கு முன் கேளுங்கள். உடைந்த திரையை வழக்கமான வாரண்டி ஏற்காது. கொண்டுவந்தவர் கிளம்பும் முன்பே பெட்டியைப் பிரித்து, மின்சாரம் கொடுத்து, திரை முழுவதையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.