மாட்டு வண்டியில் வந்த புத்தகங்கள்

புத்தகம் படிக்க யாருமே வருவதில்லை என்று நூலகத்தில் உட்கார்ந்து வருத்தப்படுவது ஒரு வகை. புத்தகத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆளைத் தேடிப் போவது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகை தமிழ்நாட்டில் 1931-லேயே நடந்திருக்கிறது!

மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசல் என்று ஒரு கிராமம். அப்போது தஞ்சாவூர் ஜில்லா, இப்போது திருவாரூர் மாவட்டம். அங்கே கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியையே நூலகமாக்கி, சுற்றியிருந்த ஊர்களுக்கு அனுப்பினார். 1931 அக்டோபர் 21-ஆம் தேதி அதைத் தொடங்கி வைத்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இலவச நூலகம் என்றாலும் அது முழுக்க இலவசம் இல்லை. வயலில் வேலை பார்ப்பவர் டவுனுக்கு நடந்து போய் ஒரு புத்தகம் எடுத்து வந்தால் அன்றைய கூலி போச்சு. அதைத் திருப்பிக் கொடுக்கப் போனால் இன்னொரு நாள் கூலி. வண்டி ஊருக்குள்ளேயே வந்துவிட்டால் அந்தச் செலவு இல்லை.

ரங்கநாதன் சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். வேலை ரொம்பவே போரடித்து, பழையபடி பிரசிடென்சி கல்லூரிக்கே போகப் பார்த்தார் (நூலகத் துறையின் தந்தைக்கே அப்படி!). பயிற்சிக்காக லண்டன் போனபோது, அங்கே பொது நூலகங்கள் சாதாரண ஜனங்களுக்காக இயங்குவதைப் பார்த்து மனசு மாறிவிட்டது.

ஆனால் ஒரு வண்டி எத்தனை ஊருக்குப் போகும்? தனிமனிதரின் நல்ல மனசை நம்பி எத்தனை வருஷம் ஓடும்? நிலையான வருமானம் வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று ரங்கநாதன் விடாமல் வாதாடினார். 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பிறகு இப்படி வந்த முதல் சட்டம் இதுதான். அப்போது கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார்.

சட்டத்தின் உயிர் நூலக வரியில் இருந்தது. வீட்டு வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 6 பைசா... அவசரப்படாதீர்கள், இது பழைய தம்பிடிக் கணக்கு. ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. அதாவது 10 ரூபாய் வீட்டு வரி கட்டுபவர் நூலகத்துக்கு 5 அணா கொடுத்தார். புத்தகமே தொடாதவரும் கொடுத்தார்! இன்று அது ரூபாய்க்கு 10 பைசாவாக இருக்கிறது.

இங்கேதான் ஒரு சிக்கல். வரி வீட்டின் மதிப்பைப் பொறுத்தது. மாடி வீடும் கடைத்தெருவும் நிறைந்த மாவட்டத்தில் நிறைய வசூலாகும், குடிசைகள் நிறைந்த மாவட்டத்தில் கொஞ்சம்தான். சென்னை நகரம் நீங்கலாக மற்ற மாவட்டங்களுக்கு, வசூலான நூலக வரிக்குக் குறையாத தொகையை அரசும் தர வேண்டும் என்று சட்டம் சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மாவட்டத்தில் 1 லட்சம், இன்னொன்றில் 10 ஆயிரம் வசூலானால் வித்தியாசம் 90 ஆயிரம். இரண்டையும் இரட்டிப்பாக்கினால் வித்தியாசம் 1 லட்சத்து 80 ஆயிரம் ஆகிவிடுகிறது! வரி கொடுக்க வீடே இல்லாத கூலிக்காரர்கள் நிறைந்த ஊருக்குத்தான் அந்த மாட்டு வண்டி முதலில் கிளம்பியது.