பொதி கட்டும் கருவிகள்: ஒரு குட்டி வரலாறு

லினக்ஸில் மூலநிரலை இறக்கி 'மேக் இன்ஸ்டால்' என்று அடித்தால் மென்பொருள் வந்துவிடும். தலைவலி நீக்கும்போதுதான். எந்தக் கோப்பு எங்கே போய் உட்கார்ந்தது என்று எந்தப் பதிவும் இருக்காது. எங்கள் காமர்ஸ் பாஷையில் வவுச்சர் இல்லாத செலவு!

1990களில் வந்த டெபியனின் டெப், ரெட் ஹாட்டின் ஆர்பிஎம் இரண்டும் இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தின. ஆனால் பொதி கட்ட விதிக்கோப்பு எழுதவேண்டும். யாருக்குப் பொறுமை?

அந்தச் சோம்பேறிகளுக்காக (என்னையும் சேர்த்து) வந்தது செக்இன்ஸ்டால். 'மேக் இன்ஸ்டால்' ஓடும்போது கூடவே நின்று வேவு பார்க்கும். கோப்பு எழுதும் அழைப்புகளை இடைமறித்துப் பட்டியல் போட்டு டெப், ஆர்பிஎம், ஸ்லாக்வேர் என்று கேட்ட வடிவில் பொதி கட்டும். ஆனால் வேறு எந்தப் பொதிகள் தேவை என்று தானாகக் கண்டுபிடிக்காது, நாம்தான் சொல்லவேண்டும்.

ஜோயி ஹெஸ் வளர்த்த ஏலியன் வேறு ரகம். ஆர்பிஎம்மை டெப்பாக மாற்றும். லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ் ஆர்பிஎம்தான் பொது வடிவம் என்றபோது டெபியன் இதை வைத்தே சமாளித்தது! ஆனால் நிறுவும்போது ஓடவேண்டிய ஸ்கிரிப்டுகளை, நாம் தனியாகக் கேட்டாலொழிய விட்டுவிடும். லிப்சி போன்ற அடிப்படைப் பொதிகளில் இதை முயன்றால் கணினி படுத்துவிடும்.

2011 வாக்கில் ஜோர்டன் சிஸ்ஸல் எழுதிய எஃப்பிஎம், ரூபி ஜெம், பைத்தான், வெறும் அடைவு எதையும் வாங்கிக்கொள்ளும். ஜெம் என்றால் சார்புகளையும் எடுத்து எழுதும். டெபியன் கொள்கை விதிகளையெல்லாம் கண்டுகொள்ளாது. என் ஓட்டு இதற்கே, சொந்தக் கணினிக்கு மட்டும். அடுத்தவருக்குக் கொடுப்பதாக இருந்தால் அந்த விதிக்கோப்பை உட்கார்ந்து எழுதிவிடுவேன்.