பற்றீரியாக்களை எதிர்த்து நிற்கும் கடற்பஞ்சுகள்

கடலடிப் பாறைகளில் ஒட்டி வாழும் கடற்பஞ்சு தாவரமல்ல, விலங்கு. அதற்கு மூளையோ இதயமோ நரம்புகளோ இல்லை. ஆபத்து வந்தால் தப்பியோடவும் முடியாது. ஆயினும் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கடற்பஞ்சுகள் நிலைத்து நிற்கின்றன.

உடற்றுளைகள் வழியே கடல்நீரை இடைவிடாது உள்ளிழுத்து, அதிலுள்ள பற்றீரியாக்களை வடித்து உண்பதே கடற்பஞ்சின் வாழ்க்கைமுறை. ஒரு கிலோகிராம் பஞ்சு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான லீற்றர் நீரை வடிக்கக்கூடியது. உணவோடு நோய்க்கிருமிகளும் உள்ளே வருகின்றன.

இதற்கு எதிராக இரண்டு அரண்கள் உள்ளன. பற்றீரியாவின் வெளிச்சுவரிலுள்ள மூலக்கூறுகளை அடையாளம் காணும் புரதங்கள் பஞ்சின் கலங்களில் இருக்கின்றன. அடுத்தது, கிருமிகளைக் கொல்லும் அல்லது அவை படிந்து பெருகாமல் தடுக்கும் இரசாயனப் பொருட்கள். இவற்றுட் பலவற்றைத் தயாரிப்பது பஞ்சல்ல, அதனுள் குடியிருக்கும் நட்புப் பற்றீரியாக்களே. சில இனங்களில் உடல் நிறையின் மூன்றிலொரு பங்கு இவைதான்.

இந்த இரசாயனக் களஞ்சியம் மருத்துவத்துக்கும் உதவியுள்ளது. 1950களின் தொடக்கத்தில் வேர்னர் பேர்க்மன் கரீபியப் பகுதிப் பஞ்சொன்றில் கண்டறிந்த பொருட்களின் வழியில் உருவானதே, இரத்தப் புற்றுநோய்க்கு வழங்கப்படும் சைற்றரபின். அமெரிக்கா 1969இல் அதனை அங்கீகரித்தது. மார்பகப் புற்றுநோய்க்கான எரிபுலின் 2010இல் வந்தது. அதன் மூலப்பொருள் ஜப்பானியக் கடற்பஞ்சில் கண்டறியப்பட்டது.

ஒரு தொன் பஞ்சிலிருந்து கிடைப்பது சில நூறு மில்லிகிராம் மருந்துப்பொருளாக இருக்கலாம். கடலை வெறுமையாக்கி மருந்து செய்ய முடியாது. எனவேதான் எரிபுலின் ஆய்வுகூட முறையில் தயாரிக்கப்படுகிறது. நட்புப் பற்றீரியாக்களின் மரபணுக்களையும் ஆய்வாளர்கள் ஆராய்கின்றனர்.

நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் காலம் இது. ஏஜெலாஸ் வகைப் பஞ்சின் பொருட்களை முன்மாதிரியாகக் கொண்டு உருவாக்கப்பட்ட சேர்வைகள், பற்றீரியாக்களின் பாதுகாப்புப் படலத்தைக் கலைப்பதாக ஆய்வுகூடங்களில் தெரியவந்துள்ளது. அவை மருந்தாக நோயாளியை அடைய இன்னும் நீண்ட பரிசோதனைகள் தேவை.