சிகிச்சைக்கு உத்தரவு இருக்கிறது, பணம் எங்கே?

அமெரிக்காவின் முதல் போதைப்பொருள் நீதிமன்றம் 1989இல் ஃப்ளோரிடா மாநிலத்தின் மயாமியில் தொடங்கியது. கொக்கெய்ன் வழக்குகளால் சிறைகள் பிதுங்கிக்கொண்டிருந்த காலம். பிடிபட்டவர் சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வருவார். அதே தெருமுனை, அதே பொட்டலம், மறுபடியும் அதே நீதிமன்றம். சிகிச்சைக்குச் சம்மதிப்பவரின் வழக்கை நிறுத்திவைத்து, அவரை நீதிபதியே நேரில் கண்காணிப்பது என்று மயாமி முடிவெடுத்தது. அன்று அங்கே அரசு வழக்கறிஞராக இருந்த ஜேனட் ரெனோ 1993இல் நாட்டின் அட்டர்னி ஜெனரல் ஆனார். 1994 குற்றவியல் சட்டம் இந்த நீதிமன்றங்களுக்கு மத்திய அரசின் மானியத்துக்கு வழிசெய்தது. இன்று நாடெங்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட போதைப்பொருள் நீதிமன்றங்கள் நடக்கின்றன.

விசாரணை நாளில் அங்கே வாதப் பிரதிவாதம் அதிகம் கேட்காது. அமர்வுக்கு முன்பே நீதிபதி, இரு தரப்பு வழக்கறிஞர்கள், சிகிச்சையாளர், நன்னடத்தை அலுவலர் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொருவரின் வாரத்தையும் அலசிவிடுகிறார்கள். பிறகு அவரவர் நீதிபதியின் முன் வந்து நிற்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் குறைந்தது மூன்று நிமிடமாவது நீதிபதி பேச வேண்டும் என்பது இத்துறையின் நெறிமுறை. சிறுநீர்ப் பரிசோதனை வாரத்துக்கு இரண்டு முறை. தேறினால் கைதட்டலும் சிறு பரிசும். தவறினால் எச்சரிக்கையில் தொடங்கிச் சில நாள் சிறைவரை போகும்.

இதற்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா என்ற கேள்விக்கு, பொதுவாகச் சொன்னால், விடை கிடைத்துவிட்டது. 2012இல் வெளியான ஒரு பெருந்தொகுப்பாய்வு 154 மதிப்பீடுகளை ஒருங்கே பார்த்தது. ஒப்பீட்டுக் குழுவில் மறுபடி குற்றம் செய்தவர்கள் 50 விழுக்காடு என்று கொண்டால், வயதுவந்தோருக்கான போதைப்பொருள் நீதிமன்றத்துக்குப் போனவர்களிடையே அது 38 விழுக்காடு. சிறார்களுக்கான நீதிமன்றங்களில் அது 43.5 வரைதான் குறைந்தது.

சராசரியை நம்பி நிதி ஒதுக்குவதில்தான் சிக்கல். அமெரிக்க அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2011இல் தந்த அறிக்கையின்படி, ஒரு பங்கேற்பாளருக்கு 47,852 டாலர் மிச்சம் காட்டிய நீதிமன்றமும் உண்டு, 7,108 டாலர் நட்டம் காட்டியதும் உண்டு. பெயர்ப்பலகை ஒன்று, உள்ளே நடப்பது வேறு வேறு. இந்த வேறுபாட்டுக்கு அதிகம் விலை கொடுப்பவர்கள் 18 முதல் 25 வயதுவரை உள்ளவர்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். சட்டத்தின் கண்ணில் அவர்கள் வயதுவந்தோர். போக்கிலோ சிறாருக்கே நெருக்கம்: விளைவை எண்ணிப் பார்க்கும் திறன் இருபதுகளின் நடுவில்தான் முதிர்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட மூளை அறிவியல். பாதியில் விலகுவோரில் இளைஞர்களே முன்னால் நிற்கிறார்கள். எத்தனை பேர் முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள் என்பதையே மானியத்தின் அளவுகோலாக்கினால், எப்படியும் தேறக்கூடியவரைச் சேர்த்துக்கொண்டு இருபது வயது ஹெராயின் அடிமையை வாசலிலேயே திருப்பி அனுப்பத் தூண்டுகிறோம். கஞ்சா ஒரு பொட்டலத்தோடு பிடிபட்ட, அடிமையாகாத மாணவரோ எண்ணிக்கைக்காக உள்ளே இழுக்கப்படுவார். கடும் அபாயமும் கடும் தேவையும் உள்ளவருக்கே இந்த ஏற்பாடு என்று துறையின் நெறிமுறையே சொல்கிறது.

தவறாக இழுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜார்ஜியா மாநிலத்தின் க்ளின் கவுண்டி சாட்சி. பதின்வயதுப் பெண் ஒருவர் பெற்றோரின் காசோலைகளில் கள்ளக் கையெழுத்திட்டார். ஒன்று 40 டாலர், இன்னொன்று 60 டாலர். அதற்காக ஐந்தரை ஆண்டுகள் போதைப்பொருள் நீதிமன்றத்தின் பிடியில் இருந்தார்; அதில் 14 மாதம் சிறைக்கம்பிகளுக்குப் பின்னால். 2011இல் ஒரு வானொலி நிகழ்ச்சி இதை வெளிக்கொணர்ந்தது. அந்த நீதிமன்றத்தை நடத்திய நீதிபதி அமாண்டா வில்லியம்ஸ் 2012 தொடக்கத்தில் பதவி விலகினார். நூறு டாலர் குற்றத்துக்கு 14 மாதச் சிறைச்செலவு, அதுவும் சிகிச்சையின் பெயரால்!

மானியத்துக்கு நிபந்தனை போட்டால் நீதிமன்றங்கள் மாறும் என்பதற்கும் சான்று இருக்கிறது. மெத்தடோனும் பியூப்ரநார்ஃபினும் ஓபியாய்ட் அடிமைகளின் உயிரைக் காக்கும் மருந்துகள். ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா’ என்று சொல்லிப் பல நீதிபதிகள் அவற்றைத் தடுத்து வந்தார்கள். 2015இல் மத்திய அரசு, இம்மருந்துகளை மறுக்கும் போதைப்பொருள் நீதிமன்றங்களுக்குத் தன் மானியம் கிடையாது என்றது. எத்தனையோ மருத்துவக் கட்டுரைகள் அசைக்காத கதவை அந்த ஒரு வரி அசைத்தது. பிடிவாதம் முழுதாகப் போய்விடவில்லை: 2022இல் நீதித்துறை அமைச்சகம் பென்சில்வேனியாவின் நீதிமன்ற அமைப்பு மீதே வழக்குத் தொடர வேண்டியிருந்தது.

ஆனால் மானியம் தொடக்கச் செலவுக்குத்தான். சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். பிறகு மாநிலமோ கவுண்டியோ பார்த்துக்கொள்ள வேண்டும். நிலையான ஊற்று மெடிக்கெய்ட் என்ற ஏழையர் மருத்துவக் காப்பீடு. 2014 முதல் அதன் விரிவாக்கத்தை ஏற்ற மாநிலங்களில், பிள்ளைகுட்டி இல்லாத ஏழை இளைஞருக்கும் போதை சிகிச்சைச் செலவு கிடைக்கிறது. மயாமி இருக்கும் ஃப்ளோரிடா இன்னும் ஏற்கவில்லை. இன்னொரு நுணுக்கமும் உண்டு. சிறைக்குள் இருப்பவரின் சிகிச்சைக்கு மெடிக்கெய்ட் பொதுவாகப் பணம் தராது. ஆகவே ‘பாடம் புகட்ட’ நீதிபதி விதிக்கும் ஒவ்வொரு சிறை வாரமும், மத்திய அரசு பங்கேற்கும் செலவைக் கவுண்டியின் தலையில் ஏற்றிவிடுகிறது.

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் கலிஃபோர்னியாவுக்குப் போக வேண்டும். 2000இல் மக்கள் வாக்கெடுப்பில் 61 விழுக்காடு வாக்குகளோடு நிறைவேறிய முன்மொழிவு 36, வன்முறையற்ற போதை வழக்கினரைச் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பியது. சட்டத்திலேயே ஆண்டுக்கு 12 கோடி டாலர் எழுதப்பட்டிருந்தது. சிகிச்சையில் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். இருந்தும் போட்ட ஒவ்வொரு டாலருக்கும் சுமார் இரண்டரை டாலர் மிச்சமானது என்று லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மதிப்பீடு கணக்குக் காட்டியது. முடிக்காதவரைத் தோல்விக் கணக்கில் எழுதுபவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்தத் தொகைக்கு எழுதப்பட்ட கெடு 2006இல் முடிந்தது. பிறகு ஒதுக்கீடு பட்ஜெட்டின் தயவில் விழுந்தது. பொருளாதார நெருக்கடியில் வற்றிப்போனது. சட்டம் மட்டும் ஏட்டில் நின்றது.

2024 நவம்பரில் அதே மாநிலம், அதே 36 என்ற எண்ணோடு இன்னொரு முன்மொழிவை நிறைவேற்றியது. முன்பே இரண்டு முறை போதை வழக்கில் தண்டனை பெற்றவர் மீண்டும் கடும் போதைப்பொருளோடு பிடிபட்டால், சிகிச்சையை முடிக்க வேண்டும். இல்லையேல் மூன்றாண்டுவரை சிறை. சிகிச்சையைக் கட்டாயமாக்கிய அந்தச் சட்டம் தனக்கென ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை. சிகிச்சைக்கான நிரந்தர நிதியைச் சுகாதார பட்ஜெட்டில் எழுதாமல் இத்தகைய சட்டத்தை எந்த மாநிலமும் வாக்கெடுப்புக்கு விடக் கூடாது.